செரோக்கி மக்கள் எங்கிருந்து வந்தவர்கள்? கேள்வி பதில்

அமெரிக்கத் தொல்குடிகளில் ஒருவரான செரோக்கி மக்களின் பூர்வீகம் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, செரோக்கி என்பது செவ்விந்தியர்களுக்குள் ஒரு சாதி மாதிரியா?

இல்லை தம்பி. தனி மொழியும் நிலமும் ஆட்சியும் கொண்ட ஒரு மக்களினம். ஐரோப்பியர் வந்தபோது அவர்கள் இருந்தது அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியில். இன்றைய வட கரோலினா, தென் கரோலினா, டென்னசி, ஜார்ஜியா மாநிலங்கள் சந்திக்கும் மலைநாடு அது. குதிரையில் போய்க் காட்டெருமை வேட்டையாடியவர்கள் என்று சினிமா பார்த்து நினைத்துவிட வேண்டாம். ஆற்றங்கரைகளில் ஊர் கட்டி, சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டவர்கள். ஏழு குலங்கள் உண்டு. குலம் தாய்வழியாக வரும்.

அப்புறம், ‘செவ்விந்தியர்’ என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன். கொலம்பஸ் செய்த தவறோடு தோல் நிறத்தையும் சேர்த்து ஒட்டிய பெயர் அது. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ‘அனியுன்விய’, அதாவது முதன்மையான மக்கள்.

கேள்வி: எல்லாரும் சைபீரியாவிலிருந்து வந்தவர்கள்தானே? அதோடு விஷயம் முடிந்துவிட்டதே?

மரபணு ஆய்வு காட்டுவது அதைத்தான். 15,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ வடகிழக்கு ஆசியாவிலிருந்து மக்கள் அமெரிக்காவுக்குள் வந்தார்கள். ஆனால் அது மாயாக்களுக்கும் இன்காக்களுக்கும்கூடப் பொதுவான கதை. அந்தக் காலத்தில் செரோக்கி என்றொரு இனமே இல்லை. ஒரு பெரிய கூட்டத்திலிருந்து இவர்கள் எப்போது, எங்கே தனியாக உருவானார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது. அதற்கு மரபணுவைவிட மொழியும் பானை ஓடுகளும் அதிகம் உதவுகின்றன.

கேள்வி: மொழி என்ன சொல்கிறது? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. செரோக்கி மொழி இரோக்வோயன் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து மொழிகளில் பெரும்பாலானவை வடக்கே இருக்கின்றன. மோஹாக், செனெகா, ஒனைடா, ஒனொன்டாகா எல்லாம் நியூயார்க், கனடா பக்கம். செரோக்கி ஒன்று மட்டும் தெற்கே தனித்து நிற்கிறது. ஐந்து என்ற எண்ணுக்கு மோஹாக்கில் ‘விஸ்க்’, செரோக்கியில் ‘ஹிஸ்கி’. இப்படிச் சில சொற்களில் உறவு தெரிகிறது. ஆனாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அவ்வளவு விலகிப் போக 3,500 ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்பது மொழியியலாளர்களின் கணிப்பு.

அவர்களைச் சுற்றி வாழ்ந்த மஸ்கோகி மக்களோ முற்றிலும் வேறு மொழிக் குடும்பம். ‘செரோக்கி’ என்ற பெயரே ‘வேறு பேச்சுப் பேசுபவர்கள்’ என்ற பொருளுள்ள மஸ்கோகிச் சொல்லிலிருந்து வந்தது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் வடக்கிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்று சொல்லலாமா?

பெரிய ஏரிகள் பக்கமிருந்து முன்னோர்கள் தெற்கே நகர்ந்தார்கள் என்பது பழைய கருத்து; இன்றும் பலர் ஏற்பது. மூலமொழி அப்பலாச்சிய மலைகளிலேயே பேசப்பட்டது, வடக்கே போனவர்கள்தான் மற்றவர்கள் என்று வாதிடுவோரும் உண்டு. எப்படியானாலும் ஒன்று உறுதி: நேற்று வந்தவர்கள் இல்லை. வட கரோலினா மலைகளில் சுமார் கி.பி. 1000 முதல் ‘பிஸ்கா’ என்று தொல்லியலாளர் அழைக்கும் பண்பாடு இருந்தது. அதிலிருந்து ‘குவாலா’ பண்பாடு வளர்ந்தது. குவாலா செரோக்கிகளுடையது என்பதில் ஐயமில்லை. ஈரமண் பானையின்மேல் செதுக்கிய மரப்பலகையால் தட்டிக் கோலம் பதிக்கும் வழக்கம் இரண்டிலும் தொடர்கிறது.

கேள்வி: இஸ்ரேலின் தொலைந்துபோன பத்துக் குலங்களில் இவர்களும் ஒன்று என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எபிரேயக் கல்வெட்டும் கிடைத்ததாமே?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கதை அந்த மக்களுக்குத் தீங்கு செய்திருக்கிறது.

ஜேம்ஸ் அடேர் என்ற வணிகர் அம்மக்களோடு பல ஆண்டுகள் பழகியவர். 1775இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கத் தொல்குடிகள் யூதர்களின் வழித்தோன்றல்கள் என்று நீளமாக வாதிட்டார். பைபிளுக்குள் இல்லாத ஒரு மக்கள் கூட்டம் உலகில் இருக்கும் என்று அன்றைய ஐரோப்பியரால் நினைக்க முடியவில்லை.

நீங்கள் சொல்லும் கல், 1889இல் டென்னசியில் பேட் கிரீக் என்ற இடத்து மண்மேட்டில் கிடைத்தது. ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்துக்காகத் தோண்டிய ஜான் எம்மர்ட் எடுத்தார். முதலில் செரோக்கி எழுத்து என்றார்கள். 1970களில் பழைய எபிரேயம் என்றார் சைரஸ் கார்டன் என்ற மொழி அறிஞர். 2004இல் மெயின்ஃபோர்ட், குவாஸ் என்ற இரு தொல்லியலாளர்கள் குட்டை உடைத்தார்கள். 1870இல் வெளிவந்த, ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கம் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றில் இருந்த படத்தைப் பார்த்து வெட்டிய எழுத்து அது. போலி.

தீங்கு என்று ஏன் சொன்னேன்? தொல்குடிகள் கட்டிய மண்மேடுகளையும் இப்படித்தான் வேறு ஏதோ மறைந்த இனம் கட்டியது என்று வெள்ளையர் நம்பினார்கள். 1830இல் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் காங்கிரசுக்கு அனுப்பிய உரையிலேயே இது இருக்கிறது: முன்பிருந்த வலிமையான இனம் அழிந்துதான் இப்போதைய குடிகளுக்கு இடம் கிடைத்தது என்றார். அதாவது, இவர்களும் இடம் பிடித்தவர்களே, வெளியேற்றினால் என்ன தவறு என்ற வாதம். அதே ஆண்டில் வெளியேற்றச் சட்டம் வந்தது. 1838-39இல் சுமார் 16,000 செரோக்கிகள் ஓக்லஹோமாவை நோக்கித் துரத்தப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மேடுகளைக் கட்டியவர்கள் தொல்குடிகளின் முன்னோர்களே என்று ஸ்மித்சோனியனின் சைரஸ் தாமஸ் அறிக்கை வெளியிட்டபோது ஆண்டு 1894. எல்லாம் பறிபோய் அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் அமெரிக்கர் தன் கொள்ளுப்பாட்டி செரோக்கி இளவரசி என்கிறார். டிஎன்ஏ பரிசோதனையில் தெரியுமா?

செரோக்கிகளிடம் அரச குடும்பமே கிடையாது, அதனால் இளவரசியும் இல்லை. பரிசோதனை தொல்குடி மரபணு இருக்கிறதா என்று ஓரளவு சொல்லும். எந்த இனம் என்று சொல்லாது. ஓக்லஹோமாவில் உள்ள செரோக்கிகளின் அரசான செரோக்கி நேஷனில் குடியுரிமை வேண்டுமானால், 1900ஐ ஒட்டி அமெரிக்க அரசு எடுத்த டாஸ் என்ற பெயர்ப் பதிவேட்டில் உள்ள முன்னோர் ஒருவரோடு உறவைக் காட்ட வேண்டும்.

கேள்வி: தங்கள் பூர்வீகம் பற்றி அவர்களே என்ன சொல்கிறார்கள்?

முதலில் எங்கும் நீர்தான். விலங்குகள் எல்லாம் மேலே வானுலகில் நெருக்கியடித்து வாழ்ந்தன. இடம் தேடி ஒரு நீர்வண்டு கீழே வந்து, மூழ்கிச் சேறு எடுத்து வந்தது. அது பரந்து நிலமானது. நிலம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பெரும் பிணந்தின்னிக் கழுகு பறந்தது. செரோக்கி நாட்டின் மேலே வரும்போது களைத்துப் போய், சிறகு ஈரமண்ணில் பட்டது. பட்ட இடம் பள்ளத்தாக்கு, சிறகு எழும்பிய இடம் மலை. வேறெங்கிருந்தோ நடந்து வந்த கதை இல்லை பாருங்கள். அந்த மலைகள் எப்படி வந்தன என்ற கதை.

தாய் ஊர் என்று அவர்கள் சொல்வது கிட்டுவா. வட கரோலினாவில் டக்கசீஜி ஆற்றங்கரையில் இருக்கிறது. ‘கிட்டுவா மக்கள்’ என்பதும் அவர்களுக்கு இன்னொரு பெயர். அந்த ஊரின் நடுவில் இருந்த மண்மேடு பிறர் கைக்குப் போய், தலைமுறை தலைமுறையாக உழவு பட்டுத் தாழ்ந்துவிட்டது. 1996இல், அன்று துரத்தப்படாமல் வட கரோலினா மலைகளிலேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்த கிழக்குச் செரோக்கிகள் 309 ஏக்கர் நிலத்தோடு அதைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.