ஒன்றுமே இல்லை என்பதற்குப் பிரிட்டிஷ்காரர்களின் பேச்சுவழக்கு: கேள்வி பதில்

கே: ‘நாட் எ சாசேஜ்’ என்றால் என்ன?

துளிகூட இல்லை என்று பொருள். லண்டன் கிழக்குப் பகுதியின் எதுகைக் கொச்சையில், ஒரு சொல்லுக்குப் பதில் அதோடு ஒலி ஒத்து முடியும் தொடரைச் சொல்வார்கள்; ‘சாசேஜ் அண்ட் மாஷ்’ என்பது ‘கேஷ்’, அதாவது காசு. அதிலிருந்து வந்தது என்பதே வழக்கமான விளக்கம். இப்போது காசுக்கு மட்டுமல்ல, எதற்கும் சொல்வார்கள். யாருக்கும் உறுத்தாது.

கே: ‘நாட் எ டிக்கி பேர்ட்’டும் அதேதானா?

இல்லை. ‘பேர்ட்’டுக்கு எதுகை ‘வேர்ட்’, அதாவது சொல். எனவே இது பேச்சுக்கும் தகவலுக்கும் மட்டும். விண்ணப்பித்து மூன்று வாரமாகியும் பதிலே இல்லையென்றால் சொல்லலாம். பணப்பை காலி என்பதற்குச் சொன்னால் பொருந்தாது.

கே: ‘ஸ்வீட் ஃபேனி ஆடம்ஸ்’ யார்?

ஹாம்ப்ஷயரின் ஆல்டன் ஊரில் 1867 ஆகஸ்ட் 24 அன்று கொல்லப்பட்ட 8 வயதுச் சிறுமி. கொன்றவன் ஃபிரெட்ரிக் பேக்கர் என்ற வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்; அதே ஆண்டு டிசம்பரில் வின்செஸ்டரில் தூக்கிலிடப்பட்டான். அப்போது கடற்படையினருக்குத் தகரடப்பாவில் அடைத்த ஆட்டிறைச்சி வரத் தொடங்கியிருந்தது. அது பிடிக்காத மாலுமிகள் குரூரமாக அவள் பெயரையே அதற்கு வைத்தார்கள். மதிப்பில்லாதது என்பதிலிருந்து ‘ஒன்றுமில்லை’ என்ற பொருள் வந்தது. எஃப், ஏ என்ற முதலெழுத்துகள் ஒரு கெட்ட வார்த்தைத் தொடருக்கும் பொருந்தியதால், ‘ஸ்வீட் எஃப்.ஏ.’ என்றால் பலர் காதில் வசவாகவே விழும். ஒரு குழந்தையின் பெயர் இது. தெரிந்துகொள்ளுங்கள், பயன்படுத்த வேண்டாம்.

கே: அலுவலகத்தில் எதைச் சொல்லலாம்?

‘நாட் எ சாசேஜ்’ போதும். ஒன்றுமில்லை என்றே பொருள்படும் ‘நாஃப் ஆல்’ நண்பர்களிடம். அதே பொருளுள்ள ‘சாட் ஆல்’ அதைவிடக் காரம், ‘பக்கர் ஆல்’ இன்னும் காரம். மேலதிகாரியிடம் இரண்டும் கூடாது. நம்மவர்கள் அடிக்கடி தவறுவது இலக்கணத்தில்: ‘ஆல்’ வகைச் சொற்களிலேயே இல்லை என்பது அடங்கியிருக்கிறது. ‘ஐ காட் நாஃப் ஆல்’ சரி. ‘ஐ டிடன்ட் கெட் நாஃப் ஆல்’ என்றால் எதிர்மறை இரட்டிக்கும். ‘சாசேஜ்’, ‘டிக்கி பேர்ட்’ இரண்டும் நேர்மாறு. ‘நாட்’ போன்ற மறுப்பு இல்லாமல் நிற்காது.

கே: யார்க்‌ஷயரில் ‘நவுட்’ என்கிறார்களே?

‘நத்திங்’தான். ‘எனிதிங்’குக்கு ‘அவுட்’ (owt; வெளியே என்ற ‘out’ அல்ல). வடக்கு இங்கிலாந்தில் அன்றாடச் சொற்கள் இவை. வெளியூரார் சொன்னால் கேலி செய்வதுபோல ஒலிக்கலாம், புரிந்துகொண்டால் போதும்.

கே: ‘கீப் மம்’ என்பதில் அம்மா எங்கே வந்தாள்?

வரவில்லை. உதட்டை மூடியபடி எழுப்பும் ‘ம்ம்’ ஒலிதான் அந்த ‘மம்’. வாயைத் திறக்காதே என்று பொருள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ‘பீ லைக் டாட், கீப் மம்’ என்ற பிரசாரச் சுவரொட்டி இரு பொருளையும் வைத்து விளையாடியதால் குழப்பம் கூடியிருக்கலாம். ‘கீப் ஷ்டும்’ என்பதும் அதே பொருள். அது ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழி வழியாக வந்தது.