மெய்ப்பாதுகாவலருக்குச் சூழல் ஒத்திகை எதற்கு?

திருகோணமலையில் மெய்ப்பாதுகாவலர் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் தம்பி, "சுடத் தெரிந்தால் போதாதா, நாடகம் மாதிரி ஒத்திகை எதற்கு?" என்று கேட்கிறார்.

போதாது தம்பி. ஆபத்து வரும் நொடியில் யோசிக்க நேரமிருக்காது. உடம்பு பழகியதைத்தான் செய்யும். 1981 மார்ச் 30 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் சுடப்பட்டபோது, பாதுகாவலர் ஜெரி பார் துப்பாக்கிக்காரனைத் துரத்தவில்லை; ரீகனைக் காருக்குள் தள்ளினார். ரீகனின் வாயில் இரத்தத்தைக் கண்டதும், வெள்ளை மாளிகைக்குப் போன வண்டியை மருத்துவமனைக்குத் திருப்பினார்.

உங்கள் ஊரையே எடுங்கள். கோணேசர் கோயிலுக்குப் பிரட்ரிக் கோட்டை வாசலால்தான் வாகனம் போகும். திருவிழாச் சனத்துக்குள் பிரமுகர் மயங்கி விழுந்தால் வண்டி எங்கே நிற்கிறது, வழி விலக்குவது யார்? தாக்குதலை மட்டுமல்ல, இதையும் பழகுங்கள். முதலில் மெதுவாக நடந்து பாருங்கள், அப்புறம் முழு வேகத்தில், என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் சொல்லாமல்.