இடுப்பில் துப்பாக்கி, பின்னால் போலீஸ் விளக்கு: கேள்வி பதில்

டெக்சஸில் கேரி லைசென்ஸ், அதாவது கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளும் லைசென்ஸுக்கான வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் வாயே திறக்காதவர்கள் கூட முடிந்ததும் பார்க்கிங்கில் வந்து கேட்பது ஒன்றைத்தான்: ‘போலீஸ் ஓரங்கட்டச் சொன்னால் என்ன பண்றது?’ அதைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் மாநிலச் சட்டத்தை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள்.

கார்த்திக், ஹியூஸ்டன்: அண்ணா, ஸ்பீடிங்குக்காக நிறுத்துகிறார்கள். இடுப்பில் துப்பாக்கி, பர்ஸில் லைசென்ஸ். முதலில் என்ன செய்ய வேண்டும்?

சிக்னல் போட்டு, வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஜன்னலை இறக்கி, இரவென்றால் உள்விளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். அப்புறம் எதையும் தேடாதீர்கள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதிகாரி வந்து சேர்வதற்குள் எல்லாப் பேப்பரையும் எடுத்துவைத்துவிடலாம் என்று குனிந்து கிளவ் பாக்ஸைக் குடைவார்கள். பின்னால் நிற்பவருக்குத் தெரிவது ஒரு தோள் கீழே போவது மட்டும்தான்.

அவர் ஜன்னலுக்கு வந்ததும், கையை எடுக்காமலேயே சொல்லுங்கள்: “ஆபீசர், என்னிடம் கேரி லைசென்ஸ் இருக்கிறது. துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது. பர்ஸ் இடது பாக்கெட்டில். நான் என்ன செய்யட்டும்?” இந்த வரிசையை மாற்றாதீர்கள். லைசென்ஸ் முதலில், இடம் அடுத்து, கேள்வி கடைசியில். ‘கன்’ என்று ஆரம்பித்தால், லாரி இரைச்சலில் அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் காதில் விழலாம்.

வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்து இதைச் சொல்லச் சொல்வேன். ‘வலது இடுப்பில்’ என்று சொல்லும்போதே பாதிப் பேருக்குக் கை தானாக அங்கே போய்விடும். பேசும்போது கையை ஆட்டுவது நம் ரத்தத்திலேயே ஊறியது. அதனால் வீட்டில் நாலு தடவை சொல்லிப் பழகுங்கள். இன்னொன்று, இன்ஷூரன்ஸ் கார்டும் துப்பாக்கியும் ஒரே கிளவ் பாக்ஸில் இருக்கவே கூடாது.

முரளி, டாலஸ்: அவராகக் கேட்காவிட்டால் சும்மா இருந்துவிடலாமே?

அது மாநிலத்தைப் பொறுத்தது. நார்த் கரோலினாவிலும் மிச்சிகனிலும் அதிகாரி கேட்காமலேயே நீங்கள் சொல்லியாக வேண்டும். மினசோட்டாவிலும் இல்லினாயிலும் கேட்டால் சொல்ல வேண்டும். ஒஹையோவில் தானாகச் சொல்ல வேண்டும் என்று இருந்ததை 2022 ஜூனில் மாற்றி, கேட்டால் போதும் என்று ஆக்கினார்கள். டெக்சஸில், லைசென்ஸ் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு இருக்கும்போது அதிகாரி அடையாள அட்டை கேட்டால், கேரி லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். காட்டாதவருக்கு இருந்த தண்டனையை 2009இல் எடுத்துவிட்டார்கள். கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

என்னைக் கேட்டால், எந்த மாநிலமானாலும் சொல்லிவிடுங்கள். இங்கே உங்கள் டிரைவிங் லைசென்ஸைத் தட்டினாலே கேரி லைசென்ஸும் திரையில் வந்துவிடும். நீங்கள் வாய் திறக்காமல் இருந்தது மட்டும்தான் அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

சுதா, சான் ஆன்டோனியோ: கணவருக்கு கிரீன் கார்டு, லைசென்ஸும் இருக்கிறது. நான் இன்னும் ஹெச்-1பி வேலை விசா. அவர் துப்பாக்கி கன்சோலில் (முன்சீட்டுகளுக்கு நடுவில் உள்ள பெட்டி) இருப்பது தெரிந்தும் சில நாள் நான் அந்தக் காரை எடுத்துப் போகிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும், ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 போன்ற விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. முறையான வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. வக்கீலிடம் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. துப்பாக்கி உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெரிந்தே உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் ‘வைத்திருந்தார்’ என்று வழக்குப் போட அது போதும். 2022இல் இதற்கான அதிகபட்சத் தண்டனையை 15 வருடமாக உயர்த்தினார்கள். விசா போவது தனி.

‘சுடும் பயிற்சி ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கிதானே’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கே ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சில் சுட்டதில் ஆரம்பித்ததுதான். மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பையன். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது உங்களுக்கு உதவாது. உங்கள் விசா என்னவென்று உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

பிரபு, சார்லட்: எல்லாம் சட்டப்படி இருக்கும்போது என் துப்பாக்கியை அவர் எப்படி வாங்கிவைக்கலாம்?

வாங்கலாம். 1977இல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில், நிறுத்திய காரின் ஓட்டுநரை இறங்கச் சொல்லும் உரிமை போலீசுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே ஜாக்கெட்டுக்கு அடியில் புடைத்துத் தெரிந்த ஒரு ரிவால்வரால் வந்தது. நீங்கள் இருக்கும் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் ராபின்சன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. முறைப்படி நிறுத்தப்பட்டவரிடம் ஆயுதம் இருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் அதிகாரி உடலைத் தடவிச் சோதிக்கலாம். அது லைசென்ஸ் உள்ள ஆயுதமா என்பது அந்த நிமிடத்தில் பொருட்டில்லை என்றது. அந்தக் காரை நிறுத்தியது சீட் பெல்ட் போடாததற்கு!

எல்லா நீதிமன்றமும் இப்படி இல்லை. ஒஹையோவின் டொலீடோவில் ஒருவர் குடும்பத்தோடு நாயை நடத்திக்கொண்டு, இடுப்பில் எல்லோருக்கும் தெரியும்படி துப்பாக்கி வைத்துப் போனார். அவரை நிறுத்தி ஆயுதத்தைப் பறித்த வழக்கில், சட்டம் அனுமதித்ததைச் செய்தார் என்பதே சந்தேகத்துக்குக் காரணமாகாது என்று 2015இல் தீர்ப்பு வந்தது. வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே நிறுத்தவே காரணம் இல்லை. உங்களை ஸ்பீடிங் மாதிரி ஒன்றுக்காக நிறுத்தினால், காரணம் இருக்கிறது.

டெக்சஸ் சட்டம் இதில் தெளிவு. தன் பாதுகாப்புக்கோ உங்கள் பாதுகாப்புக்கோ மற்றவர் பாதுகாப்புக்கோ தேவை என்று நியாயமாக நம்பினால் வாங்கிவைக்கலாம். கைது இல்லை, உங்களால் ஆபத்தும் இல்லை என்றால், உங்களை அனுப்புவதற்கு முன் திருப்பித் தர வேண்டும். வழக்கமாக மேகசினைக் கழற்றி, சேம்பரில் (சுடத் தயாராகக் குழலின் பின்முனையில்) இருக்கும் தோட்டாவை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் டிக்கியில் தனித்தனியாக வைத்துவிட்டு, ‘நான் போன பிறகு எடுத்துக்கொள்’ என்பார்கள். அவர் கார் கண்ணை விட்டு மறையும் வரை தொடாதீர்கள்.

என் சொந்தக் கருத்து: ஹோல்ஸ்டர் என்கிற உறையில் இருக்கும் துப்பாக்கிதான் அங்கே இருப்பதிலேயே பத்திரமான துப்பாக்கி. பழக்கமில்லாத மாடலை, நெடுஞ்சாலை ஓரத்தில், டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் கழற்றிப் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அனுபவமுள்ள அதிகாரிகள் பலர், ‘நீ உன்னுடையதைத் தொடாதே, நான் என்னுடையதைத் தொடவில்லை’ என்று சிரித்துவிட்டு டிக்கெட் எழுதப் போய்விடுவார்கள். ஆனால் எடுக்கிறேன் என்றால் எடுக்க விடுங்கள். நீங்களே எடுத்துக் கொடுக்க மட்டும் போகாதீர்கள்.

விஜய், மினியாபொலிஸ்: ஃபிலாண்டோ கஸ்டீல் எல்லாம் சரியாகத்தானே சொன்னார்? நீங்கள் சொல்வதைச் செய்தால் மட்டும் காப்பாற்றிவிடுமா?

சத்தியம் பண்ண மாட்டேன். கேள்வி நியாயமானது.

தெரியாதவர்களுக்காக: 2016 ஜூலை 6, மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ். கஸ்டீல் ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். முறையான பர்மிட் வைத்திருந்தவர். பிரேக் விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். இன்ஷூரன்ஸ் கார்டைக் கொடுத்தார். தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக மரியாதையாகச் சொன்னார். அதை எடுக்காதே என்றார் அதிகாரி. எடுக்கவில்லை என்றார் இவர். சில விநாடிகளில் ஏழு குண்டுகள். பக்கத்தில் காதலி, பின்சீட்டில் அந்தக் காதலியின் நாலு வயது மகள். துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று பயந்தேன் என்று அந்த அதிகாரி சொன்னார். 2017 ஜூனில் ஜூரி அவரை விடுவித்தது.

வகுப்பில் இந்த டேஷ்கேம் பதிவைப் போடும்போது, ‘பர்ஸை எடுக்கப் போனது அவர் தப்பு’ என்று யாராவது சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரே சமயத்தில் ‘லைசென்ஸைக் காட்டு’ என்றும் ‘கையை நீட்டாதே’ என்றும் இரண்டு கட்டளை வந்தால் யாராக இருந்தாலும் திணறுவார்கள். ‘கையை ஸ்டியரிங்கில் வை, அசையாதே’ என்று அந்த இடத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டியவர் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற அதிகாரிதான். நான் உங்களுக்குச் சொல்லித் தருவது ஆபத்தைக் குறைக்கும். மீதி அவர் கையில் இருக்கிறது. கறுப்பின ஓட்டுநர் ஒருவருக்கு அந்த மீதி எவ்வளவு பெரியது என்பதை நம் ஆட்கள் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆனந்த், ஃபிலடெல்ஃபியா: பென்சில்வேனியா லைசென்ஸோடு நியூ ஜெர்சி போகலாமா? தினமும் பாலம் தாண்டுகிறேன்.

கூடாது. 2013இல் உங்கள் ஊர்க்காரர், இரண்டு குழந்தைகளின் தாய், அதே லைசென்ஸோடு அங்கே ஒரு போக்குவரத்து நிறுத்தத்தில் மாட்டினார். துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். கைதானார், சிறைத் தண்டனை வரை போகும் நிலை வந்தது. 2015இல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்தார். வழியில் கடந்து போவதற்கு 1986 மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. தோட்டா இல்லாமல், கைக்கெட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி. கிளவ் பாக்ஸும் கன்சோலும் கணக்கில் வராது. புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டுமே நீங்கள் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பதால், நியூ ஜெர்சிக்கே வேலைக்குப் போகிறவருக்கு இது பயன்படாது.

மீனா, ஃபிரிஸ்கோ: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். பின்சீட்டில் இருக்கும்போது நிறுத்தினால்?

அப்பாவுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்: கதவைத் திறந்து இறங்கிப் பேசப் போகக் கூடாது. ஊரில் அது மரியாதை, இங்கே அது பயமுறுத்தல். அம்மா பாஸ்போர்ட் தேடி ஹேண்ட்பேக்கில் கைவிடக் கூடாது. கை மடியில் இருக்கட்டும். இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும், பயணிகளுக்கும் அது பொருந்தும். துப்பாக்கி பற்றித் தமிழில் கிசுகிசுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையை நாமும் இங்கிலீஷில்தானே சொல்கிறோம்.

ரமேஷ், கேட்டி: 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் லைசென்ஸே தேவையில்லையே சார். உங்கள் வகுப்புக்கு எதற்குக் காசு?

பிழைப்பில் கை வைக்கிறீர்களே! 21 வயதாகி, தடை எதுவும் இல்லாதவருக்கு லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, சரிதான். ஆனால் மத்தியச் சட்டத்தில் பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. அந்த மாநிலத்தின் லைசென்ஸ் இருந்தால் விலக்கு. இல்லாவிட்டால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவது நீங்கள்தானே?