வெள்ளி விலை ஏறி இறங்கும்போது இணையக் கடையின் விலை தானாக மாறுவது எப்படி?

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். இப்போது இணையத்திலும் விற்கிறோம். வெள்ளி விலை மாறும்போதெல்லாம் சுமார் 300 ஜோடிகளின் விலையையும் கையால் திருத்துகிறோம். காலையில் கார்ட்டில் போட்டவர் மாலையில் வேறு விலையைக் கண்டு கோபப்படுகிறார். விலை தானாக மாறும்படி பேக்எண்டை, அதாவது கடையின் பின்னணியில் சர்வரில் இயங்கும் நிரலை, எப்படி அமைப்பது?

பதில்: இதில் கணக்கு எளிது, வாடிக்கையாளரிடம் சொன்ன விலையைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஆகவே, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விலையை எழுதி வைத்து அதையே அழித்துத் திருத்தும் முறையை முதலில் கைவிடுங்கள். பொருள் அட்டவணையில் எடையும் செய்கூலி விகிதமும் மட்டும் இருக்கட்டும். வெள்ளி விலைக்குத் தனி அட்டவணை அமைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அது அமலுக்கு வரும் நேரத்துடன் புதிய வரிசையாகச் சேருங்கள். பழைய வரிசை எதையும் தொடாதீர்கள். போன வாரம் ஒரு கொலுசு ஏன் அந்த விலைக்குப் போனது என்று யாராவது கேட்டால், பதில் அங்கேயே இருக்கும்.

ஒரு ஜோடியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடை 62.350 கிராம், வெள்ளி கிராமுக்கு ரூ.112.40, செய்கூலி 8% என்று வைத்துக்கொண்டால், வெள்ளியின் மதிப்பு ரூ.7,008.14, செய்கூலியும் 3% ஜிஎஸ்டியும் சேர்ந்து ரூ.7,795.85 ஆகிறது. எடையை மில்லிகிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்களாகவே சேமியுங்கள். தசமப் புள்ளியுடன் கூடிய ஃப்ளோட் என்ற எண் வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 கிடைப்பதில்லை என்பதால், பில்லில் பைசாக்கள் உதைக்கும். வரி விகிதத்தையும் நிரலுக்குள் எழுதாமல் அட்டவணையில் வையுங்கள்.

இனி காலை, மாலைச் சிக்கல். கார்ட்டில் இருப்பது நடப்பு விலை மட்டுமே என்று திரையிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் 'பணம் செலுத்து' என்ற பொத்தானை அழுத்தும் நொடியில், வெள்ளி விலை, செய்கூலி, வரி, மொத்தம் ஆகிய நான்கையும் ஆர்டருக்குள் நகலெடுத்து 15 நிமிடங்களுக்குப் பூட்டுங்கள். உங்கள் தொழிலில் ஒவ்வொரு ஜோடியின் எடையும் வேறு என்பதால், அந்த ஜோடியையும் அதே தரவுத்தளச் செயலில், அதாவது எல்லாம் சேர்ந்து நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத டிரான்சாக்‌ஷனில் ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே கொலுசுக்கு இருவர் பணம் கட்டிவிடுவார்கள். தொகையை ஒருபோதும் பிரவுசரிடமிருந்து வாங்காதீர்கள். ரேசர்பே போன்ற, இணையத்தில் பணம் பெற்றுத் தரும் சேவைகளில் ஆர்டரை உங்கள் சர்வரே பைசாக் கணக்கில் உருவாக்கி அனுப்பலாம். யுபிஐ பணம் சில சமயம் தாமதமாக உறுதியாகும். பூட்டிய நேரத்துக்குள் தொடங்கிய பணத்தைப் பழைய விலைக்கே ஏற்றுக்கொள்வதுதான் நியாயம் என்பது என் கருத்து.

தானியங்கிக்குக் கடிவாளம் அவசியம். 2011-இல் அமேசானில் ஈக்களைப் பற்றிய ஓர் உயிரியல் நூலை விற்ற இருவரின் நிரல்கள் ஒன்றையொன்று பார்த்து விலை வைத்தன. ஒன்று எதிராளியின் விலையை 0.9983-ஆலும் மற்றொன்று 1.270589-ஆலும் பெருக்கியதால், விலை 2.3 கோடி டாலரைத் தாண்டியது. எந்த நிரலிலும் உச்சவரம்பு இல்லை. உங்கள் கடையில் இதைவிட எளிய தவறே நடக்கும்: அவசரத்தில் யாரோ ஒரு சுழியைக் கூடுதலாகத் தட்டிவிடுவார்கள். புதிய விலை முந்தையதிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், அதை நிறுத்தி வைத்து உங்கள் கைப்பேசிக்கு ஒப்புதல் கேட்டு அனுப்பும்படி செய்யுங்கள். வெள்ளி விலையை உங்கள் அமைப்புக்குத் தரும் சேவை பல மணி நேரம் பதிலளிக்காவிட்டால், பழைய விலைக்கு விற்பதை விட விற்பனையைச் சற்று நிறுத்துவது மேல்.

நேரலைக்குக் கொண்டுவருமுன், இரண்டு வாரங்களுக்கு இந்த அமைப்பு கணக்கிடும் விலையை வாடிக்கையாளருக்குக் காட்டாமல், நீங்கள் கையால் போடும் விலைக்கு அருகில் தினமும் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.