ஒரே தெருவில் மூன்று வாடகை வீடுகள்: கடன் வாங்கி நான்காவதையும் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு ஒரே தெருவில் மூன்று சிறிய வீடுகள் உள்ளன, மூன்றும் வாடகைக்கு விடுவதற்காக வாங்கியவை. தொகைகளை வெளியிட விரும்பாததால், ஒரு வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதே அளவில் எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டு வாடகை 6. முதல் வீட்டின் மீது கடன் இல்லை. இரண்டாவதன் மீது 40 பாக்கி, இன்னும் 15 ஆண்டுகள் தவணை உண்டு; மூன்றாவதன் மீது 65 பாக்கி, 20 ஆண்டுகள் உண்டு. இரண்டுக்கும் மாறும் வட்டி, தற்போது 9%. மூன்றாவது வீட்டை ஒட்டியுள்ள வீடு சில ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. புதர் மண்டி, குப்பை சேர்ந்து, மழைநீர் என் சுவரோரம் தேங்குகிறது. வீடு பார்க்க வருபவர்கள் அதைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள். 5 மாதங்களாக மூன்றாவது வீடு காலியாக உள்ளது. பழுதுபார்க்கக் கூடுதல் கடன் கேட்டபோது, வங்கி அந்த வீட்டை 85 என்று மட்டுமே மதிப்பிட்டு மறுத்துவிட்டது. இப்போது பூட்டிய வீட்டின் உரிமையாளர் அதை 60-க்குத் தருவதாகச் சொல்கிறார்; சீரமைக்க 20 ஆகும். நான் குடியிருக்கும் சொந்த வீட்டை அடமானம் வைத்தால், வேறொரு நிறுவனம் 80 முழுவதையும் 12% வட்டியில் 10 ஆண்டுகளுக்குத் தரத் தயாராக உள்ளது. இந்த மாதத்துக்குள் முன்பணம் கேட்கிறார். எனக்கு நிலையான சம்பளம் உண்டு, சேமிப்பு அதிகம் இல்லை. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டை இதற்காக அடமானம் வைப்பது எந்த நிலையிலும் வேண்டாம். ஆனால் அந்தப் பூட்டிய வீடு உங்களுக்குத் தரும் தொல்லை உண்மையானது. அதைத் தீர்க்காமல் உங்கள் கணக்கு நேராகாது என்று நீங்கள் நினைப்பதும் சரியே. வீட்டை விலைக்கு வாங்குவதுதான் அதற்கு ஒரே வழி என்ற முடிவில் மட்டுமே நான் மாறுபடுகிறேன்.

முதலில் இன்றைய நிலையைப் பார்ப்போம். மூன்று வீடுகளும் நிரம்பியிருந்தால் ஆண்டு வாடகை 18. ஒவ்வொரு வீடும் ஆண்டில் ஒரு மாதமாவது காலியாக இருக்கும் என்று கொண்டால் 1.5 குறையும். பராமரிப்பு, வண்ணப்பூச்சு, வரி, காப்பீடு ஆகியவற்றுக்கு வீட்டுக்கு 1.3 என்று ஒதுக்கினால் 3.9 செலவாகும். ஆக, சாதாரணமான ஓர் ஆண்டில் உங்கள் கைக்கு வருவது 12.6. இரண்டு கடன்களுக்குமான ஆண்டுத் தவணை ஏறத்தாழ 11.9. அதாவது, எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஆண்டிலேயே தவணையைப் போல 1.06 மடங்குதான் நிகர வருமானம் உள்ளது. வாடகைச் சொத்துக்குக் கடன் தருவோர் இந்த விகிதம் பொதுவாக 1.2 அல்லது 1.25 ஆக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். மூன்றாவது வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தத் தவணையின் ஒரு பகுதி உங்கள் சம்பளத்திலிருந்தே போகிறது.

இதனுடன் நான்காவது வீட்டைச் சேர்த்துப் பாருங்கள். 80 கடனை 12% வட்டியில் 10 ஆண்டுகளில் அடைக்க, ஆண்டுக்கு ஏறத்தாழ 13.8 கட்ட வேண்டும். அந்த வீடு சீராகி, ஆள் குடிவந்து, செலவுகள் போக உங்களுக்குத் தருவது 4.2. நான்கு வீடுகளும் நிரம்பியிருக்கும் நல்ல ஆண்டில்கூட நிகர வருமானம் 16.8, தவணை 25.7, ஆண்டுதோறும் 8.9 துண்டு விழும். சந்தை விலையைவிட 40% குறைவாகக் கிடைக்கிறது என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் சீரமைப்புச் செலவையும் சேர்த்தால் நீங்கள் போடும் 80-க்கு நிகர வருமானம் 5.25%, வட்டியோ 12%. விலை மலிவாக இருந்தாலும் அதை வாங்கப் பயன்படும் பணம் மலிவாக இல்லை. உங்களைப் போன்ற சிறிய முதலீட்டாளர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

வங்கி உங்கள் வீட்டை 85 என்று மதிப்பிட்டது உங்களுக்கு வருத்தம் தந்திருக்கிறது. அந்த வருத்தம் புரிந்துகொள்ளக்கூடியது. ஏனெனில் முக்கியக் குறை உங்கள் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில்தான். ஆனால் மதிப்பீட்டாளர் வீட்டை மட்டும் பார்ப்பதில்லை; அக்கம்பக்கத்தில் அண்மையில் கைமாறிய வீடுகளின் விலையை ஒப்பிட்டே தன் எண்ணுக்கு வருகிறார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2011-இல் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, கடன் கட்டாததால் பறிமுதல் செய்யப்பட்ட வீடுகள் சராசரியாக 27% குறைந்த விலைக்குப் போனதையும், அத்தகைய ஒரு வீடு சுமார் 80 மீட்டர் தொலைவில் இருந்தால் பக்கத்து வீட்டின் விலை ஏறக்குறைய 1% குறைந்ததையும் கண்டறிந்தது. ஒரு வீட்டால் 1% என்பது சிறிதாகத் தோன்றலாம்; சுவரையே பகிர்ந்துகொள்ளும் நிலையில், வாடகைதாரரும் வாராமல், மழைநீரும் தேங்கும்போது அந்தப் பாதிப்பு இன்னும் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. 85 மதிப்பில் 65 கடன் என்றால் ஏற்கெனவே 76% கடன். வாடகைக்கு விடும் வீட்டின் மீது அதற்கு மேல் தர வங்கி தயங்குவது வழக்கம்தான்.

இங்கேதான் நான் உங்களிடம் சொல்ல விரும்பும் முக்கியமான கருத்து வருகிறது. கடன் ஒரு சிக்கல், தெரு மற்றொரு சிக்கல் என்று நீங்கள் இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டும் ஒன்றே. மூன்று வீடுகளும் ஒரே தெருவில் இருப்பதால், வாடகையைக் குறைக்கும் காரணம் எதுவோ அதுவே வீட்டின் மதிப்பையும் குறைக்கிறது. மதிப்புக் குறைந்ததும் வங்கி கையை மடக்கிக்கொள்கிறது. அதாவது உங்களுக்குக் கடன் மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் கடன் கிடைப்பது நிற்கும். நான்காவது வீட்டையும் அதே தெருவில் வாங்கினால் இந்தப் பிணைப்பு இன்னும் இறுகும். அதற்குமேல், இன்றுவரை இதில் சிக்காமல் தனித்து நிற்கும் உங்கள் குடியிருப்பு வீடும் அந்தத் தெருவின் நிலையோடு கட்டப்பட்டுவிடும்.

மாறும் வட்டியையும் நீங்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. இந்திய ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4% ஆக இருந்து 2023 பிப்ரவரியில் 6.5% ஆனது, அமெரிக்க மத்திய வங்கியின் அடிப்படை வட்டி விகிதம் 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 5.25 – 5.50% வரம்புக்கு உயர்ந்தது. இரண்டரைப் புள்ளி உயர்வு என்ன செய்யும் என்பதைப் பார்க்க, 7% வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் புதிதாக வாங்கிய 1,00,000 கடனை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 775. வட்டி உடனே 9% ஆகி, தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால், கடன் தீர 38 ஆண்டுகள் ஆகும். 9.5% ஆகிவிட்டால் முதல் மாத வட்டியே 792. தவணை வட்டிக்கே போதாமல் அசல் வளரத் தொடங்கும். உங்கள் கடன்களில் வட்டி உயர்ந்தபோது தவணை உயர்ந்ததா, காலம் நீண்டதா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு அறியுங்கள். பலர் தவணை மாறாததைக் கண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

உங்கள் நிலைக்கு ஒரு கடினமான ஆண்டைக் கற்பனை செய்தேன்: மூன்றாவது வீடு ஆண்டு முழுவதும் காலி, மற்ற இரண்டும் தலா ஒரு மாதம் காலி, வட்டி 11%. அப்போது நிகர வருமானம் 7.1, தவணை 13.5, துண்டு விழுவது 6.4, அதாவது ஒரு வீட்டின் முழு ஆண்டு வாடகையைவிட அதிகம். இந்தத் தொகையை உங்கள் சம்பளத்திலிருந்து குடும்பச் செலவைக் குலைக்காமல் கட்ட முடியுமா என்பதே உங்கள் கடன் தாங்கும் திறனுக்கு உண்மையான அளவுகோல். நான்காவது வீட்டைச் சேர்க்காத கணக்கு இது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. முதல் வேலை, மூன்றாவது வீட்டில் ஆளைக் குடியேற்றுவது. 5 மாதம் காலியாக இருந்ததில் நீங்கள் இழந்தது 2.5. வாடகையை 10% குறைத்திருந்தால் ஆண்டுக்கு 0.6 மட்டுமே குறைந்திருக்கும். அதாவது இந்த 5 மாத இழப்பைக் கொண்டு நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சலுகையை அளித்திருக்கலாம். பழைய வாடகையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது சிறிய உரிமையாளர்களுக்கு மிகவும் விலை உயர்ந்த பிடிவாதம். வீடு காலியாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பல காப்பீட்டு ஒப்பந்தங்களில், தொடர்ந்து 30 அல்லது 60 நாட்கள் ஆளில்லாத வீட்டுக்குத் திருட்டு, நீர்க்கசிவு போன்றவற்றுக்கான பாதுகாப்பு சுருங்கிவிடும். உங்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள்.

அடுத்தது பூட்டிய வீடு. உரிமையாளர் உங்களோடு பேசத் தயாராக இருக்கிறார் என்பதே நல்ல செய்தி. இத்தகைய வீடுகளில் உரிமையாளரைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. புதரை அகற்றவும், குப்பையை அள்ளவும், மழைநீர் வடிய வழி செய்யவும் உங்களுக்கு அனுமதி தருவதாக அவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். செலவை நீங்களே ஏற்றாலும் அது சில மாத வாடகைக்குள் முடியக்கூடும். 80 கடனோடு ஒப்பிட இடமே இல்லை. அவர் மறுத்தால், தேதியிட்ட படங்களுடன் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தெருவில் உள்ள மற்றவர்களும் கையெழுத்திட்டால் அதற்கு எடை கூடும். உங்கள் சுவரோரம் நீர் தேங்குவதற்கான ஆதாரத்தைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்; பின்னாளில் அடித்தளத்தில் பாதிப்பு ஏற்பட்டால் அது தேவைப்படும்.

அதைவிட நல்ல வழியும் ஒன்று உண்டு. அந்த வீடு உங்களுக்கு வேண்டும் என்பதில்லை. அதில் யாராவது குடியிருக்க வேண்டும் என்பதே உங்கள் தேவை. தான் குடியிருக்க வீடு வாங்குபவருக்கு, வாடகைக்கு விட வாங்குபவரைவிடக் குறைந்த வட்டியும், வீட்டின் மதிப்பில் கூடுதல் பங்குக்குக் கடனும் பொதுவாகக் கிடைக்கும். உங்களுக்குக் கட்டுப்படியாகாத அந்த 60, அப்படிப்பட்ட ஒருவருக்குக் கட்டுப்படியாகலாம். உங்கள் வாடகைதாரர்களிலும், அவர்களுடைய உறவினர்களிலும், அலுவலகத்திலும் வீடு தேடுபவர்களை அந்த உரிமையாளரிடம் அனுப்புங்கள். விற்பனை முடிந்தால் உங்கள் சிக்கல் ஒரு காசும் கடனில்லாமல் தீரும். தெருவில் ஒரு வீட்டை அதன் உரிமையாளரே பராமரிக்கும் நிலையும் வரும்.

பக்கத்து இடம் சீராகி, மூன்றாவது வீட்டில் ஆள் குடியேறிய பிறகு, அந்த மூன்றாவது வீட்டை விற்றுவிடுங்கள் என்பது என் பரிந்துரை. கடனில்லாத முதல் வீட்டை விற்று மூன்றாவதன் கடனை அடைக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் உங்களிடம் இருப்பதில் மிகச் சிறந்ததை விட்டுவிட்டு, மிகவும் பாதிக்கப்படக்கூடியதை வைத்துக்கொள்வீர்கள். மூன்றாவது 95-க்குப் போய், விற்பனைச் செலவு 5 என்றால், கடன் 65 போகக் கையில் 25 நிற்கும். வங்கி சொன்ன 85-க்கே போனாலும் 15 நிற்கும். மீதமுள்ள இரண்டு வீடுகளின் நிகர வருமானம் 8.4, தவணை 4.9, விகிதம் 1.06-லிருந்து 1.7 ஆக உயரும். விற்ற தொகையிலிருந்து முதலில் ஆறு மாதத் தவணையும் செலவும் சேர்ந்த 3.7-ஐ எளிதில் எடுக்கக்கூடிய வைப்பில் போடுங்கள். மீதியைக் கொண்டு இரண்டாவது கடனைக் குறைக்கலாம். விற்பதற்கு முன், உங்கள் இரண்டு கடன்களும் ஒரே வங்கியில் இருந்தால், ஒரு கடனுக்கு மற்ற வீடும் பிணையாகச் சேர்க்கப்பட்டுள்ளதா என்றும், முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா என்றும் ஒப்பந்தத்தில் பாருங்கள். வாடகை ஒப்பந்தங்களையும், வாடகை வங்கிக் கணக்கில் வரவான பதிவுகளையும் ஒழுங்காக வைத்திருந்தால், பிற்காலத்தில் எந்த வங்கியிடம் போனாலும் அது உங்கள் பக்கம் பேசும். இருந்தாலும் பல வங்கிகள் வாடகையில் ஒரு பகுதியை மட்டுமே வருமானமாக எடுத்துக்கொள்ளும்.

இந்த மாதத்துக்குள் கேட்கும் முன்பணத்தைப் பொறுத்தவரை, எதுவும் கொடுக்க வேண்டாம். நான் வாங்கும் நிலையில் இல்லை என்று உரிமையாளரிடம் நேராகவே சொல்லுங்கள். வாங்குபவரைத் தேடித் தர உதவுகிறேன் என்றும், அதுவரை இடத்தைச் சுத்தம் செய்ய அனுமதி வேண்டும் என்றும் அதே பேச்சில் கேளுங்கள். சுத்தமான இடம் அவருக்கும் நல்ல விலையைத் தரும் என்பதால், அவர் அதற்கு இணங்குவார் என்றே எதிர்பார்க்கிறேன்.