கேள்வி பதில்: கடாரத்து டாக்டர்

கே: நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளினிக்கை விட்டுவிட்டு மலேசியாவின் முன்னாள் பிரதமர் மகாதீர் எதற்காக அரசியலுக்கு வந்தார்? சேவை மனப்பான்மையா, பதவி ஆசையா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். அவர் மருத்துவத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர் இல்லை, அரசியலில் இருந்துகொண்டே மருத்துவம் பக்கம் போய்விட்டுத் திரும்பியவர். 1946ல் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோ தொடங்கியபோதே அதில் சேர்ந்துவிட்டார், சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தது 1947ல்தான். அதுவும் ஆசைப்பட்டது சட்டம் படிக்க. உதவித்தொகை கிடைத்தது மருத்துவத்துக்கு. பட்டம் இல்லாத சின்னப் பையன் பேச்சைப் பெரியவர்கள் யாரும் காதில் வாங்க மாட்டார்கள் என்று புரிந்து வைத்திருந்தார், சரி, எந்தப் பட்டமாக இருந்தால் என்ன!

1953ல் டாக்டராகி, சில வருடம் அரசாங்க வேலை பார்த்துவிட்டு, 1957ல் சொந்த ஊரான அலோர் ஸ்டாரில் 'மகா கிளினிக்' திறந்தார். கெடா மாநிலம் அது, ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம் என்று பள்ளியில் படித்தோமே, அதே இடம். சுற்றிலும் நெல்வயல், நோயாளியின் வீடு தேடி டாக்டர் போகிற காலம். ஓட்டுக் கேட்டு வருகிற கட்சிக்காரனுக்கு வாசலோடு சரி, டாக்டருக்கோ பாயில் படுத்திருப்பவர் வரைக்கும் வழி விடுவார்கள். அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள், யாருக்கு இருமல், எல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். ஊரில் அவருக்கு 'டாக்டர் அம்னோ' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1964ல் நாடாளுமன்றத்துக்குப் போனார். சேவையா ஆசையா என்று கேட்டால், இரண்டும் ஒரே பையில் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

கே: டாக்டர் தொழில் அரசியலில் அவருக்கு உண்மையிலேயே உதவியதா? (வாசகர், மதுரை)

ப: ஜெயித்தபோது உதவியதைவிடத் தோற்றபோது அதிகம் உதவியது. 1969 தேர்தலில் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றார், சில நாளில் கோலாலம்பூரில் இனக் கலவரம், அதற்குப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமானையே குற்றம் சாட்டிக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார், கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள். அடுத்த வருடம் எழுதிய புத்தகத்துக்கும் தடை (அந்தத் தடை 1981ல் அவரே பிரதமரான பிறகுதான் நீங்கியது). வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். இவர் கிளினிக்குக்குத் திரும்பிப் போய் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்சியை விட்டால் சோற்றுக்கு வழியில்லை என்கிற நிலையில் இருப்பவன் தலைவருக்கு அப்படி ஒரு கடிதம் எழுதுவானா, யோசித்துப் பாருங்கள். 1972ல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், 1974ல் கல்வி அமைச்சர், 1976ல் துணைப் பிரதமர், அப்புறம் 1981 முதல் 2003 வரை 22 வருடம் பிரதமர்.

கே: உயிரைக் காப்பாற்றிப் பழகியவர்கள் ஆட்சிக்கு வந்தால் இரக்கத்தோடு நடந்துகொள்வார்கள் இல்லையா? (வாசகர், சேலம்)

ப: அப்படி எந்தச் சட்டமும் கிடையாது. சிரியாவின் அதிபராக இருந்து சொந்த மக்கள் மீதே குண்டு போட்ட பஷார் அல் அசாத் லண்டனில் பயிற்சி பெற்ற கண் டாக்டர். மகாதீரை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், ஆனால் 1987ல் எதிர்க்கட்சிக்காரர்கள், சமூக ஆர்வலர்கள் என்று நூற்றுக்கு மேற்பட்டவர்களை விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளியது அவர் ஆட்சிதான், அடுத்த வருடம் நாட்டின் தலைமை நீதிபதியே பதவி நீக்கப்பட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குள் இருந்த டாக்டரைப் பார்க்கலாம். 1989ல் மாரடைப்பு வந்து பைபாஸ் செய்ய வேண்டியிருந்தது, வெளிநாட்டுக்குப் போகலாமே என்றவர்களிடம் மாட்டேன் என்று கோலாலம்பூரிலேயே உள்ளூர் டாக்டர்களிடம் நெஞ்சைக் கொடுத்தார். பிரதமரே இங்கேதான் செய்துகொள்கிறார் என்றால் மற்றவர்களுக்கும் தைரியம் வரும் இல்லையா? 1992ல் அந்த நாட்டுக்குத் தேசிய இதய மருத்துவமனையும் வந்தது.

கே: என் மகன் எம்.பி.பி.எஸ். கடைசி வருடம். கட்சியில் சேரப் போகிறேன் என்று அடம் பிடிக்கிறான். என்ன சொல்ல? (வாசகி, வேலூர்)

ப: படிப்பை முடித்துவிட்டு, ஒரு சின்ன ஊரில் நாலு வருடம் கிளினிக் போடச் சொல்லுங்கம்மா. நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாந்து கூட டாக்டராக வேலை பார்த்துவிட்டுத்தான் 1974ல் அமைச்சரானார், 1981ல் பிரதமர், 1998ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமைக்கே போய்விட்டார். அந்த அம்மாவின் அப்பாவும் டாக்டர், அவரும் அமைச்சராக இருந்தவர். நீங்கள் டாக்டர் இல்லையென்றால் உங்கள் மகனுக்குக் கொஞ்சம் கூடுதலாக நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.