மாம்பால் முதல் மாண்டூ வரை: டி செல் கேள்வி பதில்

ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையான, கிருமிகளை எதிர்க்கும் டி செல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் வாயை விட்டுவிட்டேன். சேலத்தில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள், சமாளித்துவிடலாம் என்ற தைரியம்தான். மாம்பழ சீசன் பாருங்கள், முதல் கேள்வியே தோப்பிலிருந்து வந்திருக்கிறது.

வாழப்பாடியிலிருந்து ஒருவர்: மேடம், மாங்காய் பறிக்கும்போது பால் தெறித்தால் எனக்கு மறுநாள் கொப்புளம் வந்துவிடுகிறது. கூடவே பறிக்கும் என் மச்சானுக்கு ஒன்றும் ஆவதில்லை. பால் விஷமா?

விஷம் என்றால் மச்சானையும் விட்டிருக்காதே. உங்கள் தோலைப் புண்ணாக்குவது பால் இல்லை, உங்களுடைய டி செல்கள்.

மாவும் முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். சலவைக்காரர்கள் துணியில் குறி போடும் சேராங்கொட்டைச் சாறு பட்டுச் சிலருக்குத் தோல் வெந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று மாம்பாலிலும் இருக்கிறது. அது மிகச் சின்ன மூலக்கூறு, தனியாக வந்தால் டி செல் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் தோலுக்குள் இறங்கி நம் சொந்தப் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதம் அந்நியமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. முதல் தடவை வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஓரிரு வாரத்தில் அதற்கென்று டி செல்கள் பெருகி, ஒரு பகுதி நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். அடுத்த தடவை பால் பட்டதும் அவை திரண்டு வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால்தான் மறுநாள் கொப்புளம். மச்சானின் உடம்பில் அந்த டி செல்கள் இன்னும் பெருகவில்லை, அவ்வளவுதான்.

காம்பை நீளமாக விட்டுப் பறியுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், பால் பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். பழத்தில் அந்தப் பொருள் அதிகம் இருப்பது தோலில். தோலைச் சீவிவிட்டுச் சாப்பிட்டால் பலருக்குத் தொந்தரவு வருவதில்லை. முகம் வீங்கினால் மட்டும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: வெள்ளிக் கொலுசு போட்டால் காலுக்கு ஒன்றுமில்லை. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதே?

வாழப்பாடிக்காரருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லவேண்டும். மாம்பால் இருக்கும் இடத்தில் நிக்கலைப் போட்டுப் படியுங்கள்.

சூரமங்கலம், பிளஸ் டூ மாணவி: மிஸ், ஆன்டிபாடி கிருமியை நேராகப் பிடிக்கிறது. டி செல் மட்டும் ஏன் எம்எச்சி வழியாகப் பார்க்கிறது?

வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்துவிட்டால் வெளியே திரியும் ஆன்டிபாடிக்கு அது தெரியாது. அதனால் நம் செல்கள் தங்களுக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி, எம்எச்சி என்ற தாங்கியில் செருகி, வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல் பார்ப்பது அந்தத் துண்டைத்தான். முழுக் கிருமியை அது பார்ப்பதே இல்லை.

நம்ம ஊர் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள். இரண்டு வடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட் துருவல் எட்டிப் பார்க்கும். எம்எச்சியின் பள்ளத்துக்கும் இரண்டு பக்கச் சுவர் உண்டு, நடுவில் துண்டு. டி செல்லின் ஏற்பி வடையின் விளிம்பையும் துருவலையும் சேர்த்தே தொட்டுப் பார்க்கும். துருவலை மட்டும் தனியாக நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. வேறு கடை வடையில் வைத்துக் கொடுத்தாலும் அதே கதை. 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சியாளர்கள் ரோல்ஃப் சிங்கர்னாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் இதைக் காட்டினார்கள். ஒரு எலியின் டி செல்கள், தன் வகை எம்எச்சி உள்ள செல்லில் வைரஸ் இருந்தால் கொன்றன. அதே வைரஸ் வேறு வகை எம்எச்சி உள்ள செல்லில் இருந்தால் சும்மா விட்டன. 1996-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

முதல் வகை எம்எச்சி உட்கரு உள்ள எல்லாச் செல்களிலும் அநேகமாக உண்டு. 8 முதல் 10 அமினோ அமிலத் துண்டைத் தாங்கும், மேற்பரப்பில் சிடி8 என்ற புரதம் உள்ள டி செல் அதைப் பார்க்கும். இரண்டாம் வகை, டென்ட்ரிட்டிக் செல், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ், ஆன்டிபாடி உருவாக்கும் பி செல் போன்ற எதிர்ப்புச் செல்களில். இதில் துண்டு இன்னும் நீளம், பார்ப்பது சிடி4 புரதம் உள்ள டி செல். பரீட்சையில் குழம்பினால் பெருக்கிப் பார்: எட்டை ஒன்றால் பெருக்கினாலும் எட்டு, நான்கை இரண்டால் பெருக்கினாலும் எட்டு.

ஆத்தூர்: கொரோனா வைரஸ் வந்ததே 2019-இல். அதை அடையாளம் காணும் டி செல் அதற்கு முன்பே நம் உடம்பில் இருந்தது என்கிறார்கள். எப்படி?

குலுக்கல் முறையில். ஏற்பிக்கான மரபணு முழுசாக இருப்பதில்லை, துண்டுகளாக இருக்கிறது. ஒவ்வொரு இளம் டி செல்லும் அவற்றைத் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடத்தில் சில டிஎன்ஏ எழுத்துகளைப் புதிதாகவும் செருகும். இப்படிக் கோடிக்கணக்கான விதங்களில் ஏற்பிகள் கிடைக்கின்றன. ஏதோ ஒன்று நாளைக்கு வரப்போகும் கிருமிக்குப் பொருந்திவிடும்.

குலுக்கல் என்றால் வேண்டாததும் விழுமே? அதற்குத்தான் நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற உறுப்பு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல் முதலில் சிடி4, சிடி8 இரண்டும் இல்லாமல் இருக்கும், பிறகு இரண்டையும் போட்டுக்கொள்ளும். அப்போது முதல் பரீட்சை: நம் எம்எச்சியைத் தொட்டு உணர முடிகிறதா? முடியாவிட்டால் சாவு. முதல் வகையை உணர்ந்தது சிடி8 ஆகவும், இரண்டாம் வகையை உணர்ந்தது சிடி4 ஆகவும் பிரியும். இரண்டாவது பரீட்சை நேர் எதிர்: நம் சொந்தத் துண்டை ரொம்ப இறுக்கமாகப் பிடித்தால் பெரும்பாலும் சாவுதான். கணையத்தில் உருவாகும் இன்சுலினின் துண்டுகூடத் தைமஸுக்குள் காட்டப்படுகிறது. அயர் என்ற மரபணு செய்யும் வேலை அது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்திலேயே அழகான இடம் இதுதான்.

நூறு செல் நுழைந்தால் ஐந்துகூட வெளியே வராது. நான் திருத்திய எந்தப் பரீட்சையிலும் இவ்வளவு மோசமான ரிசல்ட் பார்த்ததில்லை. ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி 1961-இல் எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்க்கும்வரை, அதை உபயோகமில்லாத உறுப்பு என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

அம்மாப்பேட்டை, ஒரு அம்மா: பையனுக்குக் காசநோய்ப் பரிசோதனைக்கு மாண்டூ ஊசி போட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அன்றைக்கே பார்த்தால் என்ன?

அன்றைக்குப் பார்க்க ஒன்றும் இருக்காதும்மா. தோலில் செலுத்தியது காசநோய்க் கிருமியின் புரதம். அதை ஏற்கெனவே அறிந்த நினைவு டி செல்கள் வந்து மேக்ரோஃபேஜ்களைக் கூட்ட 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அளப்பது தடிப்பை மட்டும், சிவப்பை இல்லை. 10 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறது என்றுதான் பொதுவாக அர்த்தம், நோய் என்று இல்லை. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியாலும் கொஞ்சம் தடிக்கலாம். மிச்சத்தை டாக்டர் சொல்வார்.

ஏற்காடு, நர்சிங் மாணவி: உதவி டி செல்லில், அதாவது சிடி4-இல், டிஎச்1, டிஎச்2 என்று பிரித்து வைத்தது நாங்கள் மனப்பாடம் செய்யவா?

தொழுநோயைப் பாருங்கள், மனப்பாடமே வேண்டாம். கிருமி ஒன்றுதான். டிஎச்1 பக்கம் சாய்ந்தவருக்கு மேக்ரோஃபேஜ்கள் உசுப்பப்பட்டுக் கிருமி அடங்குகிறது. உணர்ச்சியற்ற ஓரிரு தேமலோடு நிற்கும், நரம்பு பாதிக்கப்படுவது உண்டு. டிஎச்2 பக்கம் சாய்ந்தவருக்கு ஆன்டிபாடி ஏராளம். ஆனால் செல்லுக்குள் ஒளிந்த கிருமியை அது என்ன செய்யும்? உடம்பெங்கும் பரவுகிறது. எந்தப் பக்கம் சாய்வது என்பதை, டி செல் முதன்முதலாகத் துண்டைப் பார்க்கும் நேரத்தில் சுற்றியிருக்கும் சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதங்கள், பெரிதும் தீர்மானிக்கின்றன. இன்டர்லூக்கின் 12 என்ற சைட்டோகைன் இருந்தால் டிஎச்1, இன்டர்லூக்கின் 4 இருந்தால் டிஎச்2.

ஓமலூர்: இத்தனை வடிகட்டியும் என் எட்டு வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை. அவளுடைய டி செல்லே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டதாம். நாங்கள் எதில் தவறினோம்?

எதிலும் இல்லை. நீங்கள் கொடுத்த இனிப்பும் காரணமில்லை. தைமஸின் வடிகட்டியில் யாருக்குமே சில செல்கள் தப்பி வெளியே வருகின்றன. உங்களுக்கும் எனக்கும் இருக்கின்றன. அவற்றை அடக்கி வைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு பிரிவு உண்டு. அதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிலரிடம் பிறவி மரபணுக்களும் வேறு தூண்டுதல்களும் சேர்ந்து அந்தக் கட்டுப்பாடு நழுவிவிடுகிறது. அதை நீங்கள் தடுத்திருக்க வழியில்லை. இன்சுலினை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.